எந்த வீரனைத் தொடர்ந்து படிப்பது?



பதுளைப் பேருந்து நிலையத்திலிருந்து பசறை, லுணுகலை, நமுனுகுலை முதலிய இடங்களுக்குச் செல்லும் வண்டிகளில், தோட்டங்களின் சம்பள நாளை அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமைகளில், கூட்டம் நிரம்பியிருப்பது வழக்கம். அரிசியும் மாவும் சீனியும் நிறைந்த பைகளோடு ஏறும் குடும்பங்களுள் ஒன்றை நேயர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். தந்தை ஐம்பது வயதைத் தாண்டியவர். தேயிலைத் தொழிற்சாலையிலே வேலை பார்ப்பவர். தாய் கொழுந்தெடுப்பவர். மகன் நகரத்துக் கடையொன்றிலே சிப்பந்தி. மகள் எட்டாம் ஆண்டில் கற்பவள். மகனுடைய கையில், சாமான் பைக்குப் புறம்பாக, ஒரு சிறு பொதி இருக்கிறது. அதனுள் இருப்பவை தமிழகத்திலிருந்து தருவிக்கப்பட்ட சித்திரக்கதை நூல்கள் இரண்டு.

வண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும், வீட்டிலே பலநாள் நடந்துவரும் வாதம் மீண்டும் தொடங்குகிறது.

“இந்த முறையும் மாயாவி இல்லையா, தம்பி?” என்று தந்தை கேட்கிறார்.

“இல்லை, அப்பா. இது லார்கோ. மற்றது தங்கச்சிக்கு; லக்கி லூக்” என்கிறான் மகன்.

“மாயாவி இல்லாத புத்தகத்துக்கு இவ்வளவு காசா?” என்று தந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

தாய் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, “இரண்டும் சேர்ந்து எத்தனை பேர்?” என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார். தோட்ட வழக்கிலே ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தைப் ‘பேர்’ என்பார்கள். பாதிச் சம்பளம் ‘அரைப்பேர்’. ஆகவே அவர் கேட்பது நூலின் விலையை மட்டுமன்று. அதற்காக மலையிலே எத்தனை நாள் கூடை சுமக்கவேண்டும் என்பதையே கேட்கிறார்.

சித்திரக்கதை படிப்பது சிறு பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்குபவர்களுக்கு இந்த வாதம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், குறைந்த பணத்தைக் கொண்டு எதைப் படிப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கும் எவருக்கும் அந்தத் தாயின் கேள்வி பொருந்தும். ஒரு பதிப்பகம் தன் வெளியீடுகளைப் புதிய உருவில், புதிய விலையில், புதிய வீரர்களோடு மீண்டும் தொடங்கும்போது இக்கேள்வி மிகவும் கூர்மையடைகின்றது. அத்தகைய புதுத்தொடக்கம் என்பது யாது, அது வாசகரிடம் எதைக் கேட்கின்றது, அதற்கு வாசகர் எவ்வாறு விடையளிக்கலாம் என்பனவே இன்று ஆராயப்படும் விடயங்கள்.

முதலில் உலகறிந்த உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். சூப்பர்மேன், பேட்மேன், வொண்டர் வுமன் ஆகியோரின் கதைகளை வெளியிடும் அமெரிக்க நிறுவனமாகிய டி.சி. காமிக்ஸ், 2011 ஆம் ஆண்டில், அதுவரை நடந்துவந்த தன் அதிமானுட வீரர் தொடர்களை முடித்துக்கொண்டு, 52 தொடர்களை முதலாம் இதழ் என்ற எண்ணோடு தொடங்கியது. ‘நியூ 52’ என்று அம்முயற்சிக்குப் பெயர். 1938 இல் சூப்பர்மேனை உலகுக்கு அறிமுகப்படுத்திய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ அப்போது 904 ஆம் இதழை எட்டியிருந்தது. 1937 இல் தொடங்கிய ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 881 ஆம் இதழை எட்டியிருந்தது. இவ்விரு பழம்பெரும் ஏடுகளும் அடுத்து வந்தபோது அட்டையிலே ‘1’ என்னும் எண்ணைத் தாங்கி வந்தன.

இவ்வாறு செய்ததற்குக் காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. எழுபது ஆண்டுக் கதை மரபு பழைய வாசகருக்குச் செல்வம்; புதிய வாசகருக்கோ அது மதில். தொள்ளாயிரத்து நான்காம் இதழைக் கையிலெடுக்கும் சிறுவன், முன்னைய தொள்ளாயிரத்து மூன்றையும் படியாமல் கதை விளங்குமோ என்று அஞ்சுகிறான். முதலாம் இதழைக் கண்டால் அந்த அச்சம் நீங்கும். அதனோடு, அச்சிட்ட இதழ் கடைக்கு வரும் நாளிலேயே கணினியிலும் அதனைக் காசு கொடுத்துப் படிக்க வழிசெய்து, கடைக்கு வராத வாசகரையும் அழைத்தது அந்நிறுவனம்.

ஆனால் 52 தொடர்களையும் படிப்பவர் யார்? பெரும்பாலான இதழ்களின் விலை 2 டொலர் 99 சதம். எல்லா இதழ்களையும் அந்த விலைக்கே வாங்குவதாகக் கொண்டாலும், மாதமொன்றுக்கு 155 டொலருக்கு மேற்பட்ட செலவு. செல்வம் மிக்க நாட்டிலும் ஓர் இளைஞன் அவ்வளவு பணத்தைச் சித்திரக்கதைக்கு ஒதுக்குவது அரிது. ஆகவே அந்நாட்டு வாசகர் ஒவ்வொருவரும் தம்மளவில் ஒரு பட்டியலை இட்டுக்கொள்ள நேர்ந்தது. எவற்றைத் தொடர்வது, எவற்றை நான்கு இதழோடு நிறுத்துவது, எவற்றைத் தொடாமலே விடுவது என்று அவர்கள் தமக்குள் விவாதித்தார்கள். அந்தத் தனித்தனித் தீர்மானங்களின் கூட்டுத்தொகை விரைவிலேயே வெளிப்பட்டது. எட்டாம் இதழோடு ஆறு தொடர்கள் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்திலே வேறு ஆறு தொடர்கள் வந்தன. 52 என்ற எண்ணிக்கை மாறவில்லை. அதற்குள் அடங்கிய கதைகள் மாறின.

இன்னும் ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. 2016 ஆம் ஆண்டில் அதே நிறுவனம் ‘ரீபர்த்’ என்ற பெயரில் மற்றொரு புதுத்தொடக்கத்தைச் செய்தபோது, ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ 957 என்ற எண்ணையும், ‘டிடெக்டிவ் காமிக்ஸ்’ 934 என்ற எண்ணையும் பெற்றன. அழிக்கப்பட்டதாகக் கருதப்பட்ட பழைய கணக்கு திரும்பவும் எடுக்கப்பட்டது. 2018 ஏப்ரிலில் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ ஆயிரமாவது இதழைக் கொண்டாடியது. அட்டையில் உள்ள எண் வணிகர் ஒட்டும் சீட்டே என்பதும், தேவைக்கேற்ப அதனைக் கழற்றவும் ஒட்டவும் இயலும் என்பதும் இதனால் தெளிவாகின்றன. முதலாம் இதழ் என்பதற்காக ஒன்றை வாங்குவதும், பழைய எண் போய்விட்டதே என்பதற்காக ஒன்றை வெறுப்பதும் ஒரேவகைப் பிழைகள்.

இனித் தமிழுலகுக்கு வருவோம். தமிழிலே இத்தகைய புதுத்தொடக்கம் நிகழ்ந்த இடம் சிவகாசி. அவ்வூரில் சௌந்தரபாண்டியன் அவர்கள் 1972 ஜனவரியில் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். அதன் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984 ஜூலையில் அவருடைய மகன் விஜயன் அவர்களை ஆசிரியராகக் கொண்டு லயன் காமிக்ஸ் வெளிவந்தது. அதன் முதல் இதழில் தோன்றியவள் மாடஸ்தி. அதே 1984 இல் ராணி காமிக்ஸும் தோன்றி, ஜேம்ஸ் பாண்டையும் முகமூடி வீரர் மாயாவியையும் தமிழ்ச் சிறுவர்களிடம் கொண்டுசென்று, 2005 வரை நடந்து நின்றது. மலிவான தாள், கறுப்பு வெள்ளைச் சித்திரம், கைக்கடக்கமான அளவு, சிறுவனின் சேமிப்புக்கு எட்டும் விலை ஆகிய நான்கும் அக்காலத்து இதழ்களின் இலட்சணங்கள்.

இலங்கையில் 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்ட பின்னர் இறக்குமதி இலகுவாயிற்று. கற்பனைக் குடும்பத்தின் தந்தையைப் போன்றவர்கள் சிறுவராயிருந்த காலம் அது. தோட்டங்களிலே தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்புகளை ‘லயன்’ என்று அழைப்பது மலையக வழக்கு. அந்த லயன்களுக்குள் மற்றொரு லயன் புகுந்தது. ஒரு வீட்டில் வாங்கிய இதழ் பத்து வீடு சுற்றி, அட்டை இழந்து, ஓரங்கள் சுருண்டு, எண்ணெய்க் கறை படிந்து, கடைசியில் யாருடையது என்று தெரியாமற் போவதே அதன் வாழ்க்கை. பாடநூலுக்கு வெளியே தமிழை விரும்பிப் படிக்கும் பழக்கத்தைப் பலருக்கு அந்தக் கறைபடிந்த தாள்களே உண்டாக்கின.

பின்வந்த காலம் சோதனைக் காலம். தொலைக்காட்சி பரவிற்று. சிவகாசி இதழ்கள் காலந்தவறி வரலாயின. அடுத்த இதழ் எப்போது வரும் என்று சொல்ல இயலாத நிலை. இந்நிலையில், 2012 ஜனவரியில், லயன் காமிக்ஸ் ‘கம்பேக் ஸ்பெஷல்’ என்ற சிறப்பிதழோடு மீண்டெழுந்தது. அதன் விலை இந்திய நாணயத்தில் 100 ரூபா. அதற்குமுன் பத்து ரூபாவுக்குச் சாதாரண இதழ் வாங்கிப் பழகியவர்களுக்கு அது பெரும் பாய்ச்சல். ஆனால் கையிலே கிடைத்த பொருளும் வேறாக இருந்தது. அளவு பெரிது, தாள் வழுவழுப்பானது, தொடர்ந்து வந்த இதழ்களில் வண்ணம் வழமையாயிற்று. பிரெஞ்சு, பெல்ஜிய, இத்தாலியச் சித்திரக்கதைகள் பெருமளவில் இடம்பெற்றன. ஓவியர் வரைந்த நிறத்தோடும் அளவோடும் அவற்றைத் தமிழில் காணும் வாய்ப்புக் கிட்டியது.

எதைப் பெற்றால் எதை இழக்கிறோம் என்ற கணக்கும் உடன் எழுந்தது. பழைய வாசகர் மாயாவியையும் ஸ்பைடரையும் ஆர்ச்சி என்னும் இயந்திர மனிதனையும் கேட்டார்கள். புதியவர்கள் லார்கோ விஞ்சையும் வேய்ன் ஷெல்டனையும் வரவேற்றார்கள். எல்லோரையும் ஒரே பட்டியலால் திருப்தி செய்ய இயலாது என்பதைப் பதிப்பகமே உணர்ந்து, பிற்பட்ட ஆண்டுகளில் சந்தாவைத் தனித்தனிப் பிரிவுகளாக வகுத்து, நகைச்சுவைக் கதைகளுக்கு ஒன்று, பழைய கதைகளின் மறுபதிப்புக்கு ஒன்று என்றவாறு, வேண்டியதை மட்டும் தெரிந்தெடுக்க இடமளித்தது. அமெரிக்க வாசகர் 52 தொடர்களின் முன் நின்று செய்த அதே வேலையைத் தமிழ் வாசகரும் செய்யவேண்டியவரானார்.

ஊவாவின் தோட்டங்களில் வாழ்பவருக்கு இக்கணக்கில் மற்றொரு வரியும் உண்டு. அது நாணய மாற்று. 2022 இன் தொடக்கத்தில் இந்திய ரூபா ஒன்றின் பெறுமதி இலங்கை நாணயத்தில் ஏறத்தாழ 2 ரூபா 70 சதமாக இருந்தது. பொருளாதார நெருக்கடி முற்றிய அவ்வாண்டின் நடுப்பகுதியில் அது 4 ரூபா 50 சதத்தைக் கடந்தது. நூறு ரூபா நூல் ஒன்று, சிவகாசியில் ஒரு சதமும் கூடாமலே, பதுளையில் 270 ரூபாவிலிருந்து 450 ரூபாவுக்கு மேல் ஏறிற்று. தபாற் செலவு புறம்பு. தோட்டத் தொழிலாளரின் நாட் சம்பளமோ 2021 மார்ச்சில் நிர்ணயிக்கப்பட்ட 1,000 ரூபா. ஆகவே ஒரு சித்திரக்கதை நூல் ஏறக்குறைய அரைப்பேர். அதே 2022 இல் தாள் தட்டுப்பாட்டினால் நாட்டின் சில இடங்களில் பாடசாலைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. 2024 இல் நாட் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆயினும் தாளும் அச்சும் ஏறியதற்கேற்ப நூல்களின் விலையும் உயர்ந்தே வந்துள்ளது. பேருந்திலே தாய் கேட்ட கேள்வியின் பின்னால் இவ்வளவு பொருள் உண்டு.

அப்படியானால் தெரிவு செய்வது எவ்வாறு? வாசகர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளத்தக்க ஐந்து கேள்விகள் உள.

முதற் கேள்வி: விரும்புவது கதையையா, நினைவையா? இது தந்தைக்குரிய கேள்வி. மாயாவியை அவர் விரும்புவது உண்மை. ஆனால் அவ்விருப்பத்தில் மாயாவிக்கு எத்தனை பங்கு, குப்பி விளக்கின் ஒளியில் அதனைப் படித்த பன்னிரண்டு வயதுக்கு எத்தனை பங்கு என்பதை அவரே சோதிக்கவேண்டும். பழைய இதழ் ஒன்றை இரவல் பெற்று, முன்பின் அறியாத கதைபோல முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை படித்தால் விடை கிடைத்துவிடும். பக்கம் தானாகப் புரண்டால் கதை உயிரோடிருக்கிறது. பழைய வீட்டையும் பழைய நண்பரையும் மட்டுமே மனம் நாடினால், அந்த நினைவைப் பேணுவதற்கு ஒரு மறுபதிப்புப் போதும். ஆண்டு முழுதும் பணம் கட்டவேண்டியதில்லை.

வீரர்கள் மாறிவிட்டார்கள் என்ற குறையையும் இவ்விடத்திலே நிதானமாக எடைபோடலாம். இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை 1962 இல் இங்கிலாந்தின் ‘வேலியண்ட்’ வார இதழில் தொடங்கியது. ஆய்வுகூட உதவியாளனாகிய லூயிஸ் கிராண்டல், மின்சாரம் தாக்கியபோது, இரும்புக்கை ஒன்றைத் தவிர உடல் முழுவதும் மறைந்துபோகும் ஆற்றலைப் பெறுகிறான். தொடக்கத்தில் அவன் அந்த ஆற்றலைத் தீமைக்கே பயன்படுத்தினான். நல்வழிக்கு வந்தது பின்னர்தான். 1965 இல் ‘லயன்’ என்னும் ஆங்கில வார இதழில் தோன்றிய ஸ்பைடரும் குற்றவாளிகளுக்கெல்லாம் அரசனாக விளங்க விரும்பியவனே. சூப்பர்மேனைப் படைத்த இருவருள் ஒருவராகிய ஜெரி சீகல் அக்கதையை எழுதும் பொறுப்பை ஏற்ற காலத்தில் அவன் குற்றவாளிகளை எதிர்ப்பவனானான். மாறாத வீரன் என்று ஒருவன் சித்திரக்கதை உலகில் என்றுமே இருந்ததில்லை. மாற்றம் வந்தது என்பதற்காக மட்டும் ஒரு தொடரைத் தள்ளினால், நாம் நேசித்த மாயாவியையும் தொடக்கத்திலேயே தள்ளியிருக்கவேண்டும்.

இரண்டாவது கேள்வி: படைத்தவர் யார்? அட்டையில் வீரனின் பெயர் பெரிதாக இருக்கும். எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் சிறிதாக இருக்கும். தேர்ந்த வாசகர் சிறிய எழுத்தையே முதலில் பார்ப்பார். 2011 இல் புதிதாகத் தொடங்கிய ‘பேட்மேன்’ தொடரைப் பலர் ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து படித்ததற்கு, எழுத்தாளர் ஸ்காட் ஸ்னைடரும் ஓவியர் கிரெக் கப்புல்லோவும் நீண்டகாலம் இணைந்து பணியாற்றியமை ஒரு முக்கிய காரணம். தமிழ் வாசகருக்கு இதனினும் நெருங்கிய உதாரணம் உண்டு. ‘இரத்தப் படலம்’ என்ற பெயரில் தமிழ்பேசிய பதின்மூன்றாம் எண் மனிதனின் கதையை எழுதியவர் பெல்ஜிய நாட்டவராகிய ழான் வான் ஹாம். லார்கோ விஞ்சை எழுதியவரும் அவரே. வேய்ன் ஷெல்டனையும் தோர்கலையும் படைத்த பேனாவும் அதுவே. இந்நான்கும் தமிழில் வந்திருக்கின்றன. ஒன்றை விரும்பியவர் மற்றையவற்றை நம்பிக்கையோடு தொடலாம். அதேபோல, ஒரு தொடரில் எழுத்தாளர் மாறினால், அது தொடர்வதா விடுவதா என்பதை மீண்டும் எண்ணிப் பார்க்கும் நேரமாகும். வீரன் அதே உடையை அணிந்திருப்பதால் கதையும் அதே தரத்தில் இருக்குமென்று கொள்ளலாகாது.

மூன்றாவது கேள்வி: கதை முடிகிறதா? நகரத்துக் கடைக்கு அருகில் வாழ்பவருக்கு இது சிறிய விடயம். மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை அடைபடும் மலைநாட்டில், தபாலையும் பிறர் தயவையும் நம்பி நூல் பெறுபவருக்கு இது பெரிய விடயம். ‘இரத்தப் படலம்’ மூலமொழியில் 1984 முதல் 2007 வரை அதே எழுத்தாளரால் தொடர்ந்து எழுதப்பட்டது. தமிழில் அதனைப் பகுதி பகுதியாகப் படித்தவர்கள், நினைவிழந்த கதாநாயகனைப் போலவே, முன்னைய பகுதியை மறந்து மறந்து படித்தார்கள். 2010 இல் ஒரே பெருந்தொகுப்பாக வந்தபின்னரே பலருக்குக் கதை முழுமையாக விளங்கியது. டெக்ஸ் வில்லரின் கதைகளும் லக்கி லூக்கின் கதைகளும் பெரும்பாலும் தம்மளவில் முடிபவை. இடையிலே நான்கு நூல் கிடைக்காமற் போனாலும் ஐந்தாவதை எடுத்துச் சுவைக்கலாம். வரவு நிச்சயமில்லாதவர் முடிந்த கதைகளைத் தெரிவது அறிவுடைமை. நீண்ட தொடர்களைத் தொகுப்பாக வரும்வரை பொறுத்திருந்து வாங்கலாம்.

நான்காவது கேள்வி: எத்துணைக் காலம் சோதித்துப் பார்ப்பது? புதிய வீரன் ஒருவனை முதல் பத்துப் பக்கத்தில் தள்ளுவது அவசரம். பிடிக்கவில்லை என்று அறிந்தபின்னும் பத்து நூல் வாங்குவது வீண் பிடிவாதம். ஒரு முழுக்கதை என்பதே நியாயமான தவணை. அமெரிக்க மாத இதழ்களில் ஒரு கதை ஐந்தாறு இதழ்களுக்கு நீள்வதுண்டு; ஆகவே அங்கே சோதனைக்கு அரையாண்டு செல்லும். தமிழ்ப் பதிப்பில் பெரும்பாலும் ஒரே நூலில் கதை முடிவதால் ஒரு நூலே சோதனையாகிவிடுகிறது. நூலை மூடியபின், “அடுத்தது எப்போது?” என்று மனம் தானாகக் கேட்டால் தொடரலாம். “இதுவரை வாங்கிவிட்டோமே” என்பது மட்டும் காரணமாக இருந்தால் நிறுத்தலாம். செலவழித்த பணம் திரும்பாது. செலவழியாத பணத்தையாவது காக்கலாமன்றோ?

ஐந்தாவது கேள்வி, வீட்டிலே இதனை வேறு யார் படிப்பார்? 2012 இன் மாற்றத்துக்குப் பின் வந்த கதைகளிற் பல வளர்ந்தவர்களுக்கு உரியவை. பங்குச்சந்தைச் சூழ்ச்சியும் கூலிப்படையும் நிறைந்த அக்கதைகளை நாற்பது வயதினர் சுவைப்பார்கள். எட்டாம் ஆண்டு மாணவிக்கு அவை உரியனவல்ல. விலை உயர்ந்து, பொருளும் முதிர்ந்தபோது, கவனியாமலே விடுபட்டவர்கள் சிறுவர்கள். மாயாவிக்காக இன்று ஏங்கும் பெரியவர்கள் எல்லோரும் அன்று பன்னிரண்டு வயதினர் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். இன்றைய பன்னிரண்டு வயதினருக்கு ஒன்றும் வாங்காத வீட்டில், இன்னும் முப்பது ஆண்டு கழிந்தபின் எந்த வீரனுக்காகவும் எவரும் ஏங்கப்போவதில்லை. ஆகவே இரண்டு நூல் வாங்கும் வீட்டில் ஒன்று பிள்ளைக்குரியதாக இருப்பது நன்று. ஓவியர் மொரிஸ் 1946 இல் படைத்த லக்கி லூக் போன்ற நகைச்சுவைக் கதைகள் அப்பணிக்கு ஏற்றவை. சிரித்துக்கொண்டே படிக்கும் பிள்ளை அருஞ்சொல்லைக் கண்டு நின்றுவிடுவதில்லை. படத்தின் உதவியோடு பொருளைத் தானே கண்டுகொண்டு மேலே செல்கிறது.

தோட்டத்து மக்களுக்கு விடுதலும் வைத்தலும் புதிய பாடமன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுவதை அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிறார்கள். வெட்டியவுடன் மலை வெறுமையாகக் காட்சியளிக்கும். சில மாதங்களுக்குக் கொழுந்தும் கிடையாது. ஆயினும் வெட்டாத செடி உயர்ந்து, மரமாகி, பறிக்கும் கைக்கு எட்டாது போய்விடும். பதிப்பகத்தின் புதுத்தொடக்கம் அவர்கள் வெட்டும் கவ்வாத்து. வாசகரின் தெரிவு வாசகர் வெட்டும் கவ்வாத்து. ஒரு தொடரை நிறுத்துவதால் அதன் வீரனுக்கு அவமதிப்பு ஏதுமில்லை. இருக்கும் பணமும் பொழுதும் உயிருள்ள கிளைக்குச் செல்வதே அதன் பயன்.

இவ்வைந்து கேள்விகளுக்கும் மேலாக ஒரு வழி உண்டு. அது கூடி வாங்குதல். நான்கு நண்பர்கள் நால்வரும் ஒரே நூலை வாங்கினால் நான்கு பங்கு பணம் செலவாகிறது. படிப்பது ஒரே கதை. அவர்கள் நால்வரும் நான்கு வெவ்வேறு தொடர்களைப் பொறுப்பேற்று, படித்தபின் மாற்றிக்கொண்டால், ஒரு நூலின் செலவில் ஒவ்வொருவரும் நான்கைப் படிக்கலாம். ஒருவர் பழைய வீரர்களின் மறுபதிப்பையும், ஒருவர் டெக்ஸ் வில்லரையும், ஒருவர் லார்கோ போன்ற புதியவர்களையும், ஒருவர் சிறுவர் கதையையும் ஏற்றுக்கொண்டால் வாதமே குறைந்துபோகும். ஆண்டு முடிவில் அவற்றைப் பாடசாலை வாசிப்பு மூலையிலோ தோட்டத்து வாசிகசாலையிலோ வைத்தால் மற்றவரும் பயனடைவர். நூல்களைக் களவாகப் படமெடுத்துக் கைபேசியில் சுற்றவிடுவதைவிட இது நேர்மையான வழி. குறைந்த எண்ணிக்கையில் அச்சிட்டு வாழும் பதிப்பகத்துக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த நூலுக்கான முதல்.

இனி, பேருந்தில் விட்டுவந்த குடும்பத்திடம் திரும்புவோம். வண்டி தோட்டத்துச் சந்தியில் நிற்பதற்குள் அவர்கள் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கக்கூடும். மாயாவி மறுபதிப்பாக வரும்போது ஆண்டுக்கு ஒன்று தந்தைக்கு. மகன் லார்கோவை வாங்குவான். அடுத்த லயத்திலுள்ள தோழனிடமிருந்து டெக்ஸ் வில்லரை மாற்றிக்கொள்வான். மகளுக்கு உரியதில் எவரும் கைவைப்பதில்லை. மாதத்துக்கு அரைப்பேருக்கு மேல் செலவில்லை என்று தாய்க்கு வாக்களிக்கப்படுகிறது. தாய் ஒரு நிபந்தனை விதிக்கிறார்: பகல் முழுதும் கொழுந்து தேடிக் களைத்த தன் கண்களுக்கு ஓய்வு கொடுத்து, இரவுச் சாப்பாட்டின் பின் மகள் அந்தக் கதையை உரக்கப் படித்துக் காட்டவேண்டும்.

அந்த நிபந்தனையை ஏற்றுக்கொள்ளும் வீட்டில் எந்த வீரன் தொடர்ந்து படிக்கத்தக்கவன் என்பது சில மாதங்களில் தெரிந்துவிடும். உரக்கப் படிக்கும்போது எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்கும் கதையை வைத்துக்கொள்ளலாம். பாதியிலே எல்லோரும் எழுந்து போகும் கதையை விட்டுவிடலாம்.